சூரியனுக்கு ஒரு சுவர்



'செயற்கைச் சூரியன் புதிய சாதனை' என்ற தலைப்பை நீங்கள் செய்தித்தாள்களில் கண்டிருப்பீர்கள். 2025 ஜனவரியில் சீனாவின் 'ஈஸ்ட்' என்னும் கருவி 1066 விநாடிகள் பிளாஸ்மாவை அடக்கி வைத்தது. அடுத்த மாதமே பிரான்சு நாட்டின் 'வெஸ்ட்' என்னும் கருவி 1337 விநாடிகளை எட்டியது. அதாவது 22 நிமிடங்களுக்குச் சற்று அதிகம். உங்கள் பள்ளியில் ஒரு பாடவேளையில் ஏறக்குறையப் பாதி. இச்செய்திகள் மகிழ்ச்சி தருபவையே. ஆனால் இவற்றைப் படிக்கும்போது கேட்க வேண்டிய ஒரு கேள்வியை நம்மில் பலர் கேட்பதில்லை. "பிளாஸ்மா நிலைத்து நின்றது, சரி. அதைச் சூழ்ந்திருந்த சுவர் என்ன ஆயிற்று?" என்பதே அக்கேள்வி.

அணுக்கரு இணைவு உலை என்றேனும் ஒரு நாள் நம் வீடுகளுக்கு மின்சாரம் தர வேண்டுமானால், இக்கேள்விக்கு விடை கிடைத்தாக வேண்டும். உருகிய உலோகத்தால் சுவர் அமைப்பது ஒரு நல்ல வழி. அதன் பகுதிகளைப் பொறுமையாகச் சோதித்துப் பார்க்கும் பணியை நம் நாடு தானே செய்ய வேண்டும். சோதனை தோற்றால் அதையும் மக்கள் முன் வைக்க வேண்டும். இதுவே என் கருத்து. ஏன் என்று சொல்கிறேன்.

சுவர் தாங்க வேண்டியது என்ன?

டியூட்டீரியம், டிரிட்டியம் ஆகிய இரண்டும் ஹைட்ரஜனின் ஐசோடோப்புகள் என்பதை நீங்கள் அறிவீர்கள். இவற்றின் கலவையை ஏறத்தாழ 15 கோடி டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கினால், அணுக்கருக்கள் இணைந்து ஹீலியமும் ஒரு நியூட்ரானும் பிறக்கின்றன. ஒவ்வோர் இணைவிலும் கிடைக்கும் 17.6 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலில் 14.1 மில்லியனை நியூட்ரான் எடுத்துக்கொண்டு பாய்கிறது. அதற்கு மின்னூட்டம் இல்லை. ஆகவே காந்தப்புலம் அதை நிறுத்த முடியாது. அது நேரே சுவருக்குள் புகுந்து, உலோகப் படிகத்தில் வரிசையாக அமைந்துள்ள அணுக்களை இடம் பெயர்த்து விடுகிறது.

மீதி 3.5 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட் ஹீலியத்துக்கு உரியது. அது பிளாஸ்மாவைச் சூடாக வைத்திருந்துவிட்டு, இறுதியில் சுவரை நோக்கியே வெளியேறும். அடுப்பின் சாம்பல் கீழே சேர்வதுபோல, வெளியேறும் துகள்கள் 'டைவர்ட்டர்' என்னும் பகுதியில் வந்து விழுகின்றன. பிரான்சில் எழும்பி வரும் பன்னாட்டு உலையான 'ஐட்டர்', இப்பகுதியில் சதுர மீட்டருக்கு 10 மெகாவாட் வெப்பத்தைத் தாங்கும்படி வடிவமைக்கப்பட்டுள்ளது. இதன் அளவை உணர வேண்டுமானால், சித்திரை மாதத்து உச்சி வெயிலில் கன்னியாகுமரிக் கடற்கரை மணலை எண்ணிப் பாருங்கள். வெறுங்காலை வைக்க முடியாத அந்த மணலில் விழுவது சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 1 கிலோவாட்தான். டைவர்ட்டரில் விழுவது அதைப் போல் பத்தாயிரம் மடங்கு! சூரியனின் மேற்பரப்பில் ஒரு சதுர மீட்டர் வெளியிடும் ஆற்றலில் இது ஏறத்தாழ ஆறில் ஒரு பங்காகும்.

இவ்விடத்தில் இன்று வைக்கப்படும் பொருள் டங்ஸ்டன். உலோகங்களிலேயே உருகுநிலை மிக உயர்ந்தது அதுவே: 3422 டிகிரி. ஐட்டரின் உட்சுவரையும் பெரிலியத்துக்குப் பதிலாக டங்ஸ்டனால் அமைப்பது என்று 2023இல் மாற்றம் அறிவிக்கப்பட்டது. ஆனால் டங்ஸ்டனுக்கும் குறைகள் உண்டு. அது எளிதில் விரிசல் விடும் இயல்புடையது. தொடர்ந்து ஹீலியம் மோதினால் அதன் மேற்பரப்பு பஞ்சுபோல் ஆகிவிடுகிறது. திடப்பொருளில் ஏற்பட்ட காயம் தானாக ஆறுவதில்லை. ஒவ்வொரு நாளும் பட்ட அடி மறுநாள் கணக்கில் சேர்ந்துகொண்டே போகும்.

திரியும் எண்ணெயும்

வீட்டுக் குத்துவிளக்கைப் பாருங்கள். எண்ணெய் உள்ளவரை திரி நின்று எரிகிறது. எண்ணெய் வற்றியதும் திரி கருகிவிடுகிறது. எரிவது பெரும்பாலும் திரியன்று, எண்ணெயின் ஆவியே. எரிந்த எண்ணெயின் இடத்துக்கு, நுண்புழையேற்றத்தால் புதிய எண்ணெய் திரியின் வழியே ஏறி வருகிறது.

இதே தத்துவத்தைச் சுவருக்குக் கையாளலாம் என்று ரஷ்ய விஞ்ஞானிகள் 1990களில் காட்டினார்கள். மிக நுண்ணிய உலோக வலையைத் திரியாகவும், உருகிய லித்தியத்தை எண்ணெயாகவும் வைத்துக்கொள்ளுங்கள். பிளாஸ்மாவின் அடியால் மேற்பரப்பு ஆவியானால், கீழிருந்து புதிய திரவம் வந்து நிரப்பும். திரவத்தில் விரிசல் விழாது. அணுக்கள் வரிசையாக அமைந்திராததால் நியூட்ரான் கலைப்பதற்கு அங்கு வரிசை ஏதுமில்லை. மேலும், எழுந்த ஆவி சுவரின் முன் திரைபோல் நின்று, வரும் ஆற்றலை ஒளியாக நாற்புறமும் சிதறடிக்கும். உள்ளே இருக்கும் வலைக்கு நியூட்ரான் தொல்லை இருக்கத்தான் செய்யும். ஆனாலும் பிளாஸ்மாவுக்கு நேரே முகம் கொடுப்பது எப்போதும் புதிய பரப்பாகவே இருக்கும்.

எந்த உலோகத்தைத் தேர்வது? லித்தியம் 180.5 டிகிரியில் உருகும். அதன் அணு எண் 3 ஆதலால், சிறிது பிளாஸ்மாவில் கலந்தாலும் கேடு குறைவு. ஆனால் சுமார் 450 டிகிரியைத் தாண்டினால் மிக வேகமாக ஆவியாகும். அத்துடன் ஹைட்ரஜனை விழுங்கி வைத்துக்கொள்ளும். விலை மிகுந்த டிரிட்டியம் அதில் சிக்கிவிடும். வெள்ளீயமோ 232 டிகிரியில் உருகி, இன்னும் உயர்ந்த வெப்பநிலையிலும் அதிகம் ஆவியாகாமல் இருக்கும். ஹைட்ரஜனையும் அவ்வளவாக விழுங்காது. ஆனால் அதன் அணு எண் 50. மிகச் சிறிதளவு உள்ளே புகுந்தாலும் பிளாஸ்மாவின் வெப்பத்தைக் கதிர்களாக வெளியேற்றி அதைக் குளிர்வித்துவிடும். இரண்டுக்கும் நிறையும் உண்டு, குறையும் உண்டு. எதை, எங்கே, எவ்வாறு வைப்பது என்பதைக் காகிதத்தில் கணக்குப் போட்டு மட்டும் முடிவு செய்ய இயலாது.

சோதனை சொல்லித் தருபவை

முதல் சோதனை, உலோகம் வலையில் ஒட்டுகிறதா என்பது. முன்பெல்லாம் பித்தளைப் பாத்திரங்களுக்கு ஈயம் பூசுவோர் தெருவில் வருவார்கள். வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள், சொல்வார்கள். பாத்திரத்தைத் துலக்கி, சூடாக்கி, நவச்சாரப் பொடியைத் தூவிய பின்னரே வெள்ளீயத்தைத் துணியால் இழுத்துப் பூசுவார்கள். நவச்சாரம் உலோகத்தின் மேலுள்ள ஆக்சைடு படலத்தை நீக்குகிறது. படலம் இருந்தால் ஈயம் பரவாமல் முத்து முத்தாக உருண்டு ஓடும். உலைச் சுவரிலும் இதே சிக்கல்தான். வலை முழுவதும் நனையாமல் ஓரிடம் வறண்டிருந்தால், அவ்விடம் எண்ணெயில்லாத திரியின் கதியை அடையும். எந்த வெப்பநிலையில், எத்தனை மணி நேரத்தில், எவ்வளவு தூய்மையில் நனைகிறது என்பதைச் செய்துதான் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, காந்த விசை. இதை நீங்களே கண்டறியலாம். ஒரு கண்ணாடித் தட்டில் சமையல் சோடா கரைத்த நீரை ஊற்றுங்கள். தட்டின் ஓரத்தில் ஒரு செம்புக் கம்பியை வளையமாக வையுங்கள். மற்றொரு கம்பியின் நுனி நடுவில் நீரைத் தொடட்டும். இரண்டையும் ஒரு 9 வோல்ட் பாட்டரியுடன் இணையுங்கள். தட்டின் அடியில் பழைய ஒலிபெருக்கியிலிருந்து எடுத்த காந்தத்தை வைத்து, நீரில் சிறிது மிளகுத் தூளைத் தூவுங்கள். நீர் சுழலத் தொடங்கும்! முனைகளை மாற்றினால் எதிர்த்திசையில் சுழலும். பிளெமிங்கின் இடக்கை விதிப்படி விசையின் திசையைக் கண்டு சரிபாருங்கள். (வீட்டு மின் இணைப்பை எக்காரணம் கொண்டும் இதற்குப் பயன்படுத்தக் கூடாது.)

உலைக்குள் காந்தப்புலம் புவியின் காந்தப்புலத்தைப் போல் ஒரு லட்சம் மடங்குக்கும் மேல். பிளாஸ்மாவிலிருந்து திரவ உலோகத்துக்குள் மின்னோட்டம் பாய்ந்தால் என்ன ஆகும்? அமெரிக்காவின் சான் டியாகோ நகரில் உள்ள 'டி-3-டி' என்னும் கருவியில், வலையில்லாமல் ஒரு சிறு கிண்ணத்தில் லித்தியத்தை வைத்துச் சோதித்தார்கள். காந்த விசை உருகிய லித்தியத்தைப் பிளாஸ்மாவுக்குள்ளேயே தூக்கி எறிந்தது, பிளாஸ்மா நிலைகுலைந்தது. அவர்கள் அதை மறைக்கவில்லை. ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்கள். திரவத்தைப் பிடித்து வைக்க நுண்ணிய வலையின் பரப்பு இழுவிசை எவ்வளவு தேவை என்பதை உலகம் அதிலிருந்து உணர்ந்துகொண்டது. பிரின்ஸ்டன் ஆய்வகம், இத்தாலியின் பிராஸ்காட்டி ஆய்வகம், நெதர்லாந்தின் 'மாக்னம்' கருவி ஆகியவற்றில் நடந்த திரவ உலோகச் சோதனைகள் எல்லாம் இந்த வரிசையில் வருபவையே.

மூன்றாவது, ஓட்டம். ஓர் அலுமினியக் குழாயின் வழியே சிறு காந்தத்தைப் போட்டால், அது ஏதோ எண்ணெய்க்குள் இறங்குவதுபோல் மெல்ல இறங்கும். கடத்தியும் காந்தப்புலமும் ஒன்றையொன்று கடக்கும்போது தூண்டப்படும் மின்னோட்டம் இயக்கத்தைத் தடுக்கிறது. லென்ஸ் விதி இது. திரவ உலோகத்தைக் காந்தப்புலத்துக்குக் குறுக்கே குழாயில் செலுத்தினாலும் இதே தடைதான். பம்பு எவ்வளவு அழுத்தம் கொடுக்க வேண்டும், குழாயின் உட்புறம் மின்காப்புப் பூச்சு தாங்குமா என்பவற்றை அளந்து பார்க்க வேண்டும். நான்காவது, அரிப்பு. சூடான திரவ உலோகம் எஃகிலுள்ள நிக்கல் போன்றவற்றைச் சிறிது சிறிதாகக் கரைத்துக்கொண்டு போகும். இதை அறிய ஆயிரக்கணக்கான மணி நேரம் திரவத்தை ஓடவிட்டு, பின் குழாயை அறுத்துப் பார்ப்பதைத் தவிர வேறு குறுக்கு வழி இல்லை.

நம்மிடம் உள்ள இரு கைகள்

இவற்றையெல்லாம் செய்ய நம் நாட்டுக்கு ஆற்றல் உண்டா? உண்டு என்றே சொல்வேன்.

குஜராத்தில் காந்திநகருக்கு அருகே பிளாஸ்மா ஆராய்ச்சி நிறுவனம் 1986 முதல் இயங்கி வருகிறது. அங்கே 'ஆதித்யா' என்னும் டோக்காமாக் கருவி 1989இல் இயங்கத் தொடங்கியது. அதன் உட்சுவரில் லித்தியத்தை மெல்லிய படலமாகப் பூசி ஆராய்ந்திருக்கிறார்கள். உலைச் சுவருக்குப் பின்னால் வைக்கும் 'போர்வை' என்னும் பகுதிக்காக ஈய-லித்தியக் கலவையையும் அவர்கள் ஆராய்கிறார்கள். நம் கடலோரத்தில் வலைக்கு ஈயக்குண்டு வார்ப்பவர்கள் அறிவார்கள், ஈயம் உருக நல்ல சூடு வேண்டும். அதன் உருகுநிலை 327 டிகிரி. அதனுடன் சிறிது லித்தியம் சேர்ந்தால் 235 டிகிரியிலேயே உருகிவிடும். இக்கலவை வெப்பத்தைச் சுமந்து செல்லும். நியூட்ரானைப் பெற்று டிரிட்டியத்தையும் உண்டாக்கும். இதனைக் காந்தப்புலத்தில் ஓடவிடும் சோதனைகளை லாட்வியா நாட்டு இயற்பியல் நிறுவனத்துடன் சேர்ந்தும் நடத்தினார்கள்.

மற்றொரு கை நம் தமிழ்நாட்டிலேயே, கல்பாக்கத்தில் இருக்கிறது. அங்கே 1971இல் தொடங்கப்பட்ட ஆராய்ச்சி மையம் அணுக்கருப் பிளவு உலைகளுக்கானது; இணைவுக்கானதன்று. ஆனால் திரவ உலோகத்தைக் கையாளும் கலையை நம்மவர்கள் கற்ற இடம் அதுவே. 1985 அக்டோபர் 18 அன்று அங்கு தொடர்வினை தொடங்கிய வேக ஈனுலையைக் குளிர்விப்பது உருகிய சோடியம். காற்றுப் பட்டால் எரியும், நீர் பட்டால் வெடிக்கும் சோடியத்தைப் பல ஆண்டுகளாகக் குழாய்களில் ஓடவிட்டுப் பழகியிருக்கிறார்கள். பம்புகள், நீராவி உண்டாக்கும் கலங்கள், எரிபொருளை இடம் மாற்றும் பொறிகள் ஆகியவற்றை உலையில் பொருத்துமுன் சோதித்துப் பார்க்கத் தனி நிலையங்களே அங்கு உள்ளன. இணைவு உலைக்கென நிக்கலைத் தவிர்த்து, டங்ஸ்டனும் டான்டலமும் சேர்த்த தனி வகை எஃகை உருவாக்கியதிலும் கல்பாக்கத்துக்குப் பங்குண்டு.

பிளாஸ்மா அறிந்த கை காந்திநகரில். திரவ உலோகம் அறிந்த கை கல்பாக்கத்தில். இவ்விரண்டும் சேர்ந்து, பிளாஸ்மாவுக்கு நேரே முகம் கொடுக்கும் திரவ உலோகச் சுவர்ப் பகுதிகளைச் சோதிப்பதற்கென்றே ஒரு நிலையான கூடத்தை நடத்த வேண்டும் என்பது என் எண்ணம். நம் கல்லூரிகளின் முதுகலை மாணவர்களும், தொழிற்பயிற்சி பெற்ற இளைஞர்களும் அங்கே சென்று பணிபுரிய வாய்ப்பு இருக்க வேண்டும்.

"ஐட்டரில்தான் இந்தியாவும் பங்காளி ஆயிற்றே, அது கற்றுத் தராதா?" என்று நீங்கள் கேட்கலாம். ஐட்டரைச் சூழும் மாபெரும் குளிர்கலத்தை நம் நாடு செய்து கொடுத்தது; பெருமைக்குரியதுதான். ஆனால் ஐட்டரின் சுவர் திடச் சுவர். திரவச் சுவரின் பாடத்தை அங்கே படிக்க முடியாது. "ஆரல்வாய்மொழியில் காற்றாலைகள் சுழல்கின்றனவே, இணைவு எதற்கு?" என்றும் கேட்கலாம். இதுவும் நியாயமான கேள்வியே. இணைவு மின்சாரம் நாளையே வந்துவிடாது. காற்றையும் கதிரவனையும் விட்டுவிட்டு அதற்காகக் காத்திருக்கவும் கூடாது. ஆனால் ஓர் உலையின் செலவோடு ஒப்பிட்டால் சோதனைக்கூடத்தின் செலவு மிகக் குறைவு. சோதிக்காமல் உலையைக் கட்டிவிட்டுப் பின்னர் வருந்துவதற்கு ஆகும் செலவோ மிக மிக அதிகம்.

ஒரு சிறு குழலின் கதை

அச்செலவு எவ்வளவு என்பதற்கு ஜப்பானின் 'மோஞ்சு' உலை சான்று. அதுவும் சோடியத்தால் குளிர்விக்கப்பட்ட பிளவு உலையே. சோடியத்தின் வெப்பநிலையை அளக்கக் குழாய்க்குள் நீட்டியிருந்த வெப்பமானியின் உறை, விரலைப் போன்ற ஒரு சிறு உலோகக் குழல். ஓடும் சோடியம் அதை ஓயாமல் அதிரச் செய்தது. அதன் வடிவம் அந்த அதிர்வைத் தாங்கும்படி அமைக்கப்படவில்லை. 1995 டிசம்பர் 8 அன்று அக்குழல் முறிந்தது. சுமார் 640 கிலோ சோடியம் கசிந்து எரிந்தது. கதிரியக்கம் வெளியே பரவவில்லை. உயிர்ச் சேதமும் இல்லை. அத்துடன் முடிந்திருக்கலாம்.

ஆனால் உலையை நடத்தியவர்கள், விபத்து நடந்த அறையில் எடுத்த ஒளிப்படக் காட்சிகளில் ஒரு பகுதியை மறைத்துவிட்டார்கள். அது வெளியே தெரிந்தபோது மக்கள் கொதித்தெழுந்தனர். 14 ஆண்டுகளுக்கு மேல் உலை இயங்கவில்லை. 2010இல் சிறிது காலம் இயங்கி மீண்டும் நின்றது. 2016 டிசம்பரில் அதை மூடிவிடுவது என்று ஜப்பானிய அரசு முடிவெடுத்தது. சோடியக் கசிவைச் சில மாதங்களில் துப்புரவு செய்யலாம்; இழந்த நம்பிக்கையை அவ்வாறு மீட்க முடியவில்லை.

கல்பாக்கத்தின் வேக ஈனுலையிலும் 2002இல் ஒரு வால்வு வழியே சுமார் 75 கிலோ சோடியம் கசிந்தது. காரணத்தைக் கண்டறிந்து, அதை அறிவியல் கட்டுரைகளிலும் எழுதினார்கள். இது பாராட்டத்தக்கது. ஆனால் அக்கட்டுரைகள் ஆங்கிலத்தில், ஆய்வாளர்களுக்காக எழுதப்பட்டவை. கடலோரத்தில் வாழும் மக்களுக்கு அவர்கள் மொழியில் யார் சொல்வது?

நம் பகுதிக்கு 'அணு' என்ற சொல் புதிதன்று. மணவாளக்குறிச்சியில் கடல் மணலிலிருந்து மோனசைட்டைப் பிரித்தெடுக்கிறார்கள். பக்கத்து நெல்லை மாவட்டத்தில் கூடங்குளம் அணுமின் நிலையம் இருக்கிறது. அதன் பொருட்டு எழுந்த வாதங்களையும் போராட்டங்களையும் உங்கள் வீட்டிலேயே கேட்டிருப்பீர்கள். எந்தப் பக்கம் நின்றாலும் மக்கள் கேட்பது ஒன்றுதான்: "உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்." இணைவு உலைக்கு நாளை ஓர் ஊர் இடம் தர வேண்டியிருக்கும். அன்று அவ்வூர் மக்கள் நம்ப வேண்டுமானால், இன்று நடக்கும் சோதனைகளின் தோல்விகளும் தமிழிலும் பிற மொழிகளிலும் வெளிவர வேண்டும். வென்றதை மட்டும் காட்டுவது விளம்பரமாகும். தோற்றதையும் சேர்த்துக் காட்டுவதே அறிவியல்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள்

இனி 'செயற்கைச் சூரியன்' பற்றிய செய்தியைப் படிக்கும்போது மூன்று கேள்விகளைக் குறித்துக்கொள்ளுங்கள். சுவர் எந்தப் பொருளால் ஆனது? அது எவ்வளவு வெப்பத்தை, எவ்வளவு நேரம் தாங்கியது? சோதனையில் எது சரியாக நடக்கவில்லை? செய்தியில் விடை இல்லாவிட்டால் உங்கள் இயற்பியல் ஆசிரியரிடம் கேளுங்கள். இந்த இதழுக்கும் எழுதுங்கள்.

அணு ஆராய்ச்சி என்றால் கரும்பலகை நிறையச் சமன்பாடு எழுதுவோர் மட்டுமே அதற்குத் தேவை என்று எண்ணிவிடாதீர்கள். வெல்டிங்கில் ஊசிமுனையளவு துளைகூட விடாதவர், உலோகத்தை அறுத்து நுண்ணோக்கியில் பார்ப்பவர், இரவு பகலாகப் பம்பின் அளவுமானியைக் கவனித்துக் குறிப்பேட்டில் எழுதுபவர் ஆகிய அனைவரும் வேண்டும். ஒரு வெப்பமானி உறை ஒரு நாட்டின் உலையையே நிறுத்திய கதையைப் பார்த்தோம் அல்லவா? நாஞ்சில் நாட்டுப் பள்ளிகளிலிருந்து உங்களில் சிலர் இப்பணிக்கு வருவீர்கள் என்று நம்புகிறேன். வரும்போது, சோதனை தோற்ற நாளன்றும் குறிப்பேட்டைத் தேதியிட்டு முழுமையாக எழுதும் பழக்கத்துடன் வாருங்கள். அப்பழக்கத்தை இந்த ஆண்டு உங்கள் பள்ளி ஆய்வகக் குறிப்பேட்டிலேயே தொடங்கலாம்.